நாற்காலிக்கு அடியில் முள்ளு உருண்டை: ஒரு தோட்டப்புற டவுனில் பழுப்பு விதவைச் சிலந்தியைப் பதிவு செய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன டவுன். இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கிளினிக், லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்த பிறகு தோட்டத்து மக்கள் குடிவந்த இரண்டு தாமான்கள் (குடியிருப்புகள்), ரப்பர் காலத்திலிருந்தே நிற்கும் ஒரு மாரியம்மன் கோவில். சம்பந்தப்பட்டவர்கள் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. டவுன் பெயரையும் விட்டுவிட்டேன், அதற்கான காரணம் கீழே வரும்.

நான் தோட்டத்தில் பூச்சிக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறேன். மலாயில் உலாட் புங்குஸ் என்று சொல்லும் உறைப்புழு, காண்டாமிருக வண்டு, எலி தின்ற குலை, இவற்றையெல்லாம் வரிசை வரிசையாக மரம் பார்த்து எழுதுவதுதான் வேலை. ஒரு மட்டையில் புழு இல்லை என்றால் சும்மா தாண்டிப் போகக் கூடாது, சுழியம் என்று எழுத வேண்டும். இந்தப் பழக்கம் பின்னால் உதவியது. ஆனால் சிலந்தியைப் பற்றி எனக்கு அப்போது எதுவுமே தெரியாது என்பதுதான் உண்மை. தோட்டத்தில் சிலந்தி நமக்கு நல்லது செய்யும் ஜீவன், அதை யாரும் எண்ணச் சொல்வதில்லை.

முதலில் கண்டவர்

2023 ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும். கோவில் மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கூரைக்கு அடியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்துப் பத்தாக அடுக்கி இருக்கும், மொத்தம் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் அவற்றைக் கழுவ எடுத்தபோது என்னைக் கூப்பிட்டார். நான் பந்தல் கட்டும் வேலைக்காக அங்கே இருந்தேன்.

நாற்காலியின் ஓரம் கீழ்ப்பக்கமாக மடிந்து ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும் இல்லையா, தூக்கும்போது நம் நான்கு விரலும் போய் உட்காருமே, அந்த மடிப்புக்குள்தான் சிலந்தி இருந்தது. வலை வட்டமாக இல்லை, கிறுக்கல் மாதிரி தாறுமாறாக ஓடியது. விளக்குமாற்றால் தொட்டபோது நூல் அறும் சத்தம் லேசாகக் கேட்டது, அவ்வளவு உறுதி. சிலந்தி உடனே காலை மடக்கி ஒரு மணி மாதிரி கீழே விழுந்து செத்ததுபோல் கிடந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், காலில் கறுப்புப் பட்டைகள். "இது ஒன்னும் செய்யாதுக்கா, சாதாரண வீட்டு எட்டுக்கால் பூச்சிதான்" என்று சொல்லிவிட்டேன். தவறு அங்கேயே தொடங்கியது. அக்கா விடவில்லை. "அப்ப முட்டை மட்டும் ஏன் தம்பி முள்ளு முள்ளா இருக்கு? வீட்டுல இருக்கறதுக்கு இப்படி இல்லையே" என்றார்.

அவர் காட்டிய உருண்டை பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய வெள்ளை வேட்டியின் நிறம். சுற்றிலும் நூலாலேயே ஆன சின்னச் சின்ன முள், கிட்டத்தட்ட நெருஞ்சிக் காயைப் போல. ஒரே மடிப்பில் நான்கு தொங்கின.

அக்கா சொன்னது சரி என்று அன்றிரவு படித்தபோதுதான் புரிந்தது. வீட்டு மூலையில் வலை கட்டும் சாதாரணச் சிலந்தியின் முட்டைப்பை பழுப்புக் காகிதத்தில் செய்த துளி மாதிரி வழவழப்பாக இருக்கும். குளியலறையில் தொங்கும் நீள்கால் சிலந்தி முட்டைகளைச் சின்னக் கொத்தாக வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கும். சுவரில் ஓடும் பெரிய வேட்டைச் சிலந்தி தட்டையான வில்லை ஒன்றை வயிற்றுக்கு அடியில் சுமந்து திரியும். நம் வீடுகளில் வழக்கமாகப் பார்ப்பதில் முள் வைத்த பை எதற்கும் இல்லை. முள்ளு உருண்டை பழுப்பு விதவைச் சிலந்தியின் அடையாளம், அறிவியல் பெயர் லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ்.

அடையாளம் உறுதி செய்தது

அடுத்த நாள் விடியலில் ஒரு முறுக்குப் போத்தலோடு போனேன், தீபாவளிக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கும் சிவப்பு மூடி போட்ட தெளிவான பிளாஸ்டிக் போத்தல். மேலிருந்து பார்த்தால் முதுகுக் கோலம்தான் தெரியும், அது ஒவ்வொன்றுக்கும் மாறும், வெளிறியும் இருக்கும், கறுத்தும் இருக்கும், அதை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக் கூடாது. சிலந்தியைப் போத்தலுக்குள் விட்டு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து பார்த்தேன். வயிற்றில் உடுக்கை வடிவம், ஆரஞ்சு நிறத்தில், கருவிழி அளவுகூட இல்லை, ஆனால் தெளிவாக இருந்தது. உடலின் நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியது, ஆக வளர்ந்த பெண். ஆண் இதைவிட மிகச் சின்னது, நாங்கள் தேடிய நாட்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இந்தச் சிலந்திக்கு 1841-இல் பெயர் வைத்தவர் கார்ல் லுட்விக் கோக் என்ற ஜெர்மானியர். பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பவர்கள் அதிகம், தென் அமெரிக்கா என்பவர்களும் உண்டு. இன்று வெப்பநாடுகள் பலவற்றில் பரவிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் இது இருப்பதாக அறிவியல் இதழில் அறிக்கை வந்தது 2015-இல். ஆகவே நாங்கள் கண்டது நாட்டுக்குப் புதிது இல்லை, எங்கள் வட்டாரத்துக்கு ஒரு புதுப் புள்ளி, அவ்வளவுதான். கோவில் குழுவில் ஒரு இளைஞர் "முதன்முதலாக நம் ஊரில்" என்று போடச் சொன்னார். வேண்டாம் என்றேன். 2015-இல் பாடுபட்டு எழுதியவர்களின் வேலையை நாம் அழிப்பதுபோல் ஆகிவிடும்.

இழந்தது

அடையாளம் உறுதியான அதே காலை ஒரு வாட்ஸ்அப் செய்தி தாமான் முழுக்கப் பரவியது. "மனிதனைக் கொல்லும் கருப்பு விதவை நம் கோவிலில்." அனுப்பியவர் யார் என்று தேடவில்லை, பயத்தில் அனுப்பியிருப்பார். நான் வேலை முடிந்து பத்தரை மணிக்கு மண்டபத்துக்குத் திரும்பியபோது நான்கு பேர் பூச்சி மருந்து டப்பாக்களோடு நாற்காலி அடுக்குகளை நனைத்துக்கொண்டிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகள் முடிந்துவிட்டன. செத்த சிலந்திகளையும் பைகளையும் கூட்டி வாழை மட்டையோடு போட்டு எரித்தும் விட்டார்கள். அதில் எத்தனை இந்தச் சிலந்தி, எத்தனை வேறு அப்பாவிச் சிலந்தி, இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

ஆனால் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள் "ஒன்னும் செய்யாது" என்று சொன்னவன் நான். மறுநாள் காலை "விஷச் சிலந்தி, ஆனா கொல்லாதீங்க" என்றால் யார் கேட்பார்கள்?

கோவில் குழுத் தலைவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். விஷம் வீரியமானதுதான், ஆனால் கடிக்கும்போது உள்ளே விடும் அளவு குறைவு, பெரும்பாலும் கடிவாயில் வலியும் சிவப்பும்தான் வரும். தானாக வந்து கடிக்காது, மடிப்புக்குள் விரலை விட்டு நசுக்கினால்தான் கடிக்கும். தெளிக்கும் மருந்து முட்டைப்பைக்குள் சரியாக இறங்காது, பையைத் தட்டி விழுத்தி நசுக்குவதுதான் நிச்சயம். ஒரு பையில் நூற்றுக்கும் மேல் முட்டை இருக்கும், ஒரு பெண் தன் ஆயுளில் இருபது பை வரை கட்டும் என்பதால் பையை விட்டுவிட்டுச் சிலந்தியை மட்டும் கொன்றால் வேலை முடியாது. தலைவர் பழைய தோட்டத்து டிரெசரின், அதாவது தோட்டத்தில் மருந்து கொடுத்தவரின் மகன், மருந்து விஷயம் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். பின்சுவர் ஓரம் மிச்சமிருந்த ஏழு அடுக்கை ஒரு நாள் தொடாமல் விட ஒத்துக்கொண்டார்.

எண்ணியதும் எழுதியதும்

அன்று மாலை அக்காவும் நானும் பள்ளிக்கூடப் பையன் ஒருவனும் தோல் கையுறை போட்டு ஏழு அடுக்கையும் ஒவ்வொரு நாற்காலியாகப் பிரித்துக் கவிழ்த்தோம். பையன் நோட்டில் எழுதினான். எழுபது நாற்காலி, வளர்ந்த பெண் ஒன்பது, முட்டைப்பை முப்பத்தொன்று. மூன்று அடுக்கில் ஒன்றுமே இல்லை, அதையும் எழுதச் சொன்னேன். பெரும்பாலானவை அடுக்கின் அடி நாற்காலியிலும், சுவரைப் பார்த்த பக்கத்திலும் இருந்தன, மழைச் சாரல் படாத, கை அடிக்கடி போகாத இடம்.

இரண்டு பெண் சிலந்திகளையும் ஒரு பையையும் வைத்துக்கொண்டோம். மருந்துக்கடையில் வாங்கிய எழுபது சதவீத ஆல்கஹாலில் சிலந்திகளைப் போட்டு, சின்னத் துண்டுக் காகிதத்தில் தேதி, இடம், எதன் மேல் கிடைத்தது, கண்டவர், பிடித்தவர் என்று பென்சிலால் எழுதி அந்தக் காகிதத்தையும் உள்ளேயே போட்டேன். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டினால் ஒரு நாள் கழன்றுவிடும், சீட்டு இல்லாத சிலந்தி வெறும் செத்த பூச்சி. கண்டவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர்தான் இருக்கிறது.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினோம், யாரும் தாங்கள் கண்ட உயிரினத்தின் படத்தைப் போட, மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்லும் இணையதளம் அது. முதுகு, வயிறு, முட்டைப்பை, இருந்த இடம் என்று நான்கு படம், தனியே ஒரு முதுகுப் படம் மட்டும் போட்டிருந்தால் யாரும் துணிந்து பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள். இடத்தைப் போடுவதில்தான் தகராறு. திருவிழா நேரத்தில் கோவில் பெயர் இப்படி வெளியே போகக் கூடாது என்று குழுவினர் கேட்டுக்கொண்டார்கள், அது நியாயம்தான். தளத்தில் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, இருபது கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். அதைப் போட்டோம். துல்லியமான இடம் போத்தலுக்குள் இருக்கும் பென்சில் சீட்டில் இருக்கிறது. ஆய்வு செய்பவருக்குப் புள்ளி துல்லியமாக இருந்தால்தான் பயன் என்பது தெரியும். ஆனாலும் ஊரின் ஒத்துழைப்பு போனால் அடுத்த வருடம் நாற்காலியைத் தொடவே விடமாட்டார்கள் என்பதால் இப்படி முடிவெடுத்தேன், இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

ஐந்து நாளுக்குள் இரண்டு பேர் பெயரை ஒத்துக்கொண்டார்கள். பிறகு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் கேட்டதால் மாதிரியை அங்கே படிக்கும் எங்கள் ஊர்ப் பெண் வழியாகக் கொடுத்தனுப்பினோம். பெண் சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அதே இனம்தான் என்று சொன்னார்.

பெயர் பற்றி

இதைத் தனியாக எழுத வேண்டும். அறிவிப்புப் பலகையில் "விதவைச் சிலந்தி" என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள்தான், "ஏன் தம்பி, புருஷன் செத்தவ பேரைத்தான் விஷப் பூச்சிக்கு வைப்பாங்களா?" என்று கேட்டார். அவர் கணவர் போய் ஒன்பது வருடம். இந்த வகைப் பெண் சிலந்தி சில சமயம் சேர்க்கையின்போது ஆணைத் தின்றுவிடும், அதனால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்லலாம், ஆனால் அந்த விளக்கத்தை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகையை மாற்றி "பழுப்பு முள்முட்டைச் சிலந்தி" என்று எழுதினோம். ஊரில் இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பார்த்ததும் அடையாளம் தெரிவதற்கும் அந்தப் பெயர்தான் உதவுகிறது. அதேபோல் "வந்தேறி" என்ற சொல்லையும் பலகையில் போடவில்லை. அந்தச் சொல் இந்த நாட்டில் நம் காதில் எப்படி விழும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விரலில் குத்தல்

திருவிழா முடிந்த இரவு நாற்காலி அடுக்கிய பதினாறு வயதுப் பையனுக்கு விரலில் ஏதோ குத்தியது. சுருக்கென்று வலி, சின்னச் சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் வைத்து, கிளினிக்குக் கூட்டிப் போனோம். மறுநாள் வலி இல்லை. ஊர் முழுக்க "சிலந்தி கடிச்சிருச்சு" என்று பேச்சு. அந்த நாற்காலியை இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தேன், சிலந்தியும் இல்லை, வலையும் இல்லை, ஆனால் ஓரத்தில் பிளாஸ்டிக் பிசிறு ஒன்று கூராக நீட்டிக்கொண்டிருந்தது. கடித்ததைப் பிடிக்காமல் கடி என்று எழுதக் கூடாது. நோட்டில் "விரலில் குத்தல், காரணம் தெரியவில்லை" என்றுதான் இருக்கிறது. பையனின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, அவரிடம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

போத்தலில் நடந்தது

எடுத்து வைத்த முட்டைப்பையைக் குளிரூட்டியின் உறைபெட்டியில் போட்டிருக்க வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று போத்தலிலேயே வீட்டுப் பின்வாசலில் வைத்தேன், மூடியில் காற்றுக்காக ஊசியால் ஏழெட்டு ஓட்டை. பத்தொன்பதாம் நாள் காலை பார்த்தால் பையில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு துளை. குஞ்சுச் சிலந்திகள் போத்தலுக்குள் கொஞ்சம், மூடிக்கு மேலே நிறைய. கடுகில் பாதிகூட இல்லை ஒவ்வொன்றும், வெளிறிய உடலில் கறுப்புப் புள்ளி. துணி காயப் போடும் கம்பி வரைக்கும் நூல் ஓடியிருந்தது, வெயில் பட்டபோதுதான் தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்து எடுத்தவரை எடுத்தேன். மீதி காற்றில் நூல் விட்டுப் பறந்திருக்கும், சின்னச் சிலந்திகள் அப்படித்தான் இடம் பெயரும்.

பரவலைப் பதிவு செய்ய வந்தவனே பரப்பினவன் ஆகிவிட்டேன். அன்றே அந்த ஆராய்ச்சியாளருக்கும் தலைவருக்கும் சொல்லிவிட்டேன். ஏனென்றால் என் தாமானில் இனி கிடைப்பது தானாக வந்ததா, என் போத்தலிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. நோட்டில் என் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன்.

பழைய படம்

செப்டம்பரில் ஒரு நாள் அக்கா, "இந்த முள்ளு உருண்டையை நான் போன வருசமே கூட்டித் தள்ளியிருக்கேன் தம்பி" என்றார். வருடம் ஞாபகமாகச் சொன்னார், பேத்தி பிறந்த சமயமாம். ஞாபகத்தை ஆதாரமாகப் போட முடியாது. ஆனால் கோவில் பொருளாளர் அதைக் கேட்டுவிட்டு யோசித்தார், கால் விரிசல் விட்ட நாற்காலிகளை மாற்றித் தரச் சொல்லி விற்றவருக்கு அவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எனக்கு அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். கவிழ்த்த நாற்காலி, உடைந்த கால், இடது மூலையில் மடிப்புக்குள் மங்கலாக இரண்டு முள்ளு உருண்டை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி அழிந்துவிடும். நல்லவேளை, மூலப்படம் அவர் போனிலேயே இருந்தது. 2022 மே மாதம். நாங்கள் "கண்டுபிடித்ததற்கு" பதினான்கு மாதம் முன்னால். அதையும் தனிப் பதிவாக ஏற்றினோம், எடுத்தவர் பொருளாளர் என்ற குறிப்போடு. முட்டைப்பை மட்டுமே, அதுவும் மங்கலாக இருப்பதால் அந்தப் பதிவை இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை, செய்யாததும் சரிதான்.

புதிது என்று நாங்கள் நினைத்தது சிலந்தி வந்த தேதியே இல்லை, நாங்கள் குனிந்து பார்த்த தேதி. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

தேடலின் முடிவு

அக்டோபர் வரை மாலை நேரங்களில் டவுனைச் சுற்றினோம். லாரி நிற்கும் கொட்டகையில் பழைய டயர்களுக்குள், இரண்டு கடைகளின் பின்பக்கக் குழாய் மீட்டருக்கு அடியில், பள்ளி வேலியின் இரும்புக் குழாய் முனையில் கிடைத்தது. செம்பனை வரிசைகளில் என் வழக்கமான கணக்கெடுப்போடு சேர்த்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பதினோரு வீடுகளுக்குள் பார்க்கவிட்டார்கள், அங்கேயும் இல்லை. தென் கலிபோர்னியாவில் செய்து 2012-இல் வெளியான ஆய்விலும் வீட்டுக்கு வெளியே கிடக்கும் சாமான்களிலும் வேலி ஓரத்திலும் நிறையக் கிடைத்திருக்கிறது, வீட்டில் ஆள் புழங்கும் உட்பகுதியில் கிடைக்கவில்லை. தாமான் மக்களுக்கு இதைச் சொன்ன பிறகுதான் பாதிப் பயம் போனது.

எப்படி வந்தது என்ற கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கிறது. வாடகை நாற்காலி லாரி என்பார்கள், பூச்சட்டி வியாபாரம் என்பார்கள். இந்தச் சிலந்தி சாமான்களோடுதான் ஊர் ஊராகப் போகிறது என்பது உண்மை, ஆனால் எந்தச் சாமான் என்று காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. நோட்டில் அந்தக் கேள்விக்கான இடத்தைக் காலியாகவே விட்டோம்.

இனி மாற்றிச் செய்வது

முட்டைப்பை கையில் வந்த அன்றே உறைபெட்டிக்குப் போகும், ஓட்டை போட்ட மூடி இனி கிடையாது. தெரியாத பூச்சிக்கு வாயில் வந்த பெயரைச் சொல்லமாட்டேன், பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்வேன். மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு அடுக்காவது எண்ண வேண்டும் என்பதைக் குழுவின் திருவிழா வேலைப் பட்டியலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள், இது தலைவர் செய்தது. நாற்காலிகள் இப்போது சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கின்றன, மாதம் ஒரு முறை பிரித்து அடுக்குகிறோம், கையுறை இரண்டு ஜோடி மண்டபத்து ஆணியில் தொங்குகிறது.

நோட்டு இப்போது அக்காவிடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்து பெரிது பெரிதாக, கோட்டைத் தாண்டிப் போகும். தை மாதக் கணக்கில் இருபத்தாறு அடுக்குக்கு நேராகச் சுழியம் போட்டிருக்கிறார். இருபத்தேழாவது அடுக்கில், "உருண்டை 2, பூச்சி இல்லை, நசுக்கியாச்சு, படம் எடுத்தாச்சு."